ரைசன் 5 2600 புராசஸரை ஓவர்கிளாக் செய்வதா (அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதா), 5600-க்கு மாற்றுவதா?

மதர்போர்டு பி450 வகை என்றால் மாற்றுவதே மேல். 2600 தானாகவே 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 1.35 வோல்ட் கொடுத்து முக்கினாலும் எல்லா கோரும் (புராசஸருக்குள் வேலை செய்யும் பிரிவுகள்) 4.1 அளவில் நின்றுவிடும், சூடுதான் மிச்சம். 5600-இல் வேகம் 4.4 மட்டுமல்ல, 32 எம்பி எல்3 கேஷை (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) ஆறு கோர்களும் பகிர்கின்றன. 2600-இல் அது தலா 8 எம்பியாக இரண்டாகப் பிரிந்திருக்கும். கேமில் திடீர் திடீரென்று தடுமாறுவது குறைய இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே 97 சதவீதத்தில் இருந்தால் புராசஸரில் காசு போடாதீர்கள்.

பழைய புராசஸர் இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். மறந்தால் புதியதைப் போட்டதும் திரை கறுப்புதான். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருந்தால் ரெகவரி கீயை முன்பே எழுதி வையுங்கள், புராசஸர் மாறியதும் கேட்கலாம்.

புராசஸர் மேலிருக்கும் கூலரை நேராக இழுக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் இறுகியிருந்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். புதிய பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

பயாஸ் அப்டேட்டில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்து ரேம் வேகம் 2133 போன்ற அளவுக்கு இறங்கியிருக்கலாம். பயாஸில் திரும்ப ஆன் செய்யுங்கள்.