வாசகர் கேள்வி–பதில்: தெர்மல் ஸ்கோப் வாங்குமுன்

கேள்வி: டெக்சஸில் நண்பர் ஒருவரின் பண்ணையில் இரவு நேரத்தில் காட்டுப்பன்றி சுடுவதற்காக இரண்டு தெர்மல் ஸ்கோப்களை, அதாவது வெப்பத்தைப் படமாகக் காட்டும் துப்பாக்கித் தொலைநோக்கிகளை, பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 35 மி.மீ. லென்ஸ், 12 மைக்ரான் பிக்சல். ஒன்றின் சென்சார் 384×288, மற்றதன் சென்சார் 640×512. இரண்டாவதன் விலை ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இரண்டு பெட்டிகளிலும் ‘கண்டறியும் தூரம் 1,750 மீட்டர்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டும்?
— வாசகர், கேட்டி, டெக்சஸ்

பதில்: பெட்டியில் உள்ள எண் பொய்யன்று, ஆனால் உங்கள் வேலைக்கு அது உதவாது. 12 மைக்ரான் பிக்சலும் 35 மி.மீ. லென்ஸும் சேரும்போது, 1,750 மீட்டர் தொலைவில் ஒவ்வொரு பிக்சலும் 60 செ.மீ. அகலமுள்ள பரப்பைப் பார்க்கிறது. 1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு மனிதர் அங்கே நின்றால் மூன்று பிக்சல் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிவார். ‘சூடான ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது’ என்று சொல்ல அது போதும் என்பதால் அதைக் கண்டறியும் தூரம் என்று அச்சிடுகிறார்கள். இந்தக் கணக்கில் வருபவை பிக்சலின் அளவும் லென்ஸின் குவியத் தூரமும் (இங்கே அந்த 35 மி.மீ.) மட்டுமே. சென்சாரில் மொத்தம் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பது கணக்கிலேயே இல்லை. ஆகவேதான் இரு பெட்டிகளிலும் ஒரே எண்.

இன்னும் தெளிவாகச் சொன்னால், 640 சென்சார் காட்டும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைப்பதுதான் 384 சென்சாரின் படம். பன்றியின் உருவம் இரண்டிலும் அதே எண்ணிக்கையுள்ள பிக்சல்களால்தான் ஆகியிருக்கும். நீங்கள் கூடுதலாகப் பெறுவது அகலத்தை: 100 மீட்டர் தொலைவில் 384 சென்சார் ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தைக் காட்டினால், 640 சென்சார் ஏறத்தாழ 22 மீட்டரைக் காட்டும்.

அந்த அகலம் பணத்துக்கு ஈடானதா என்பது நீங்கள் எப்படி வேட்டையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மக்காச்சோளம் தூவும் ஃபீடருக்கு எதிரே, 80 அல்லது 100 மீட்டரில் பரணில் அமர்ந்து காத்திருப்பவருக்கு 13 மீட்டர் தாராளம். அவர் மிச்சப்படும் பணத்தில் நல்ல முக்காலி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அறுவடைக்கு நிற்கும் சோள வயலிலோ நிலக்கடலை வயலிலோ இருபது பன்றிகள் கொண்ட கூட்டத்தை நடந்து நெருங்குபவரின் நிலை வேறு. முதல் குண்டு வெடித்தவுடன் கூட்டம் நாலாபுறமும் சிதறும். குறுகிய காட்சிக்குள் கண்ணை வைத்திருப்பவர் வெறும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு 640 சென்சார் ஆடம்பரமன்று.

என்னைக் கேட்டால், 640-க்குப் பணம் தருவதென்று முடிவெடுத்தபின் அதை 50 மி.மீ. லென்ஸுடன் வாங்குவதே பொருத்தம். அப்போது 100 மீட்டரில் 15 மீட்டர் அகலம் கிடைக்கும். அதாவது உங்கள் 384 ஸ்கோப்பைவிடச் சற்றுக் கூடுதல் அகலமும், அதைவிட நுட்பமான உருவமும் ஒருசேரக் கிடைக்கும். மாறாக 384 சென்சாரோடு 50 மி.மீ. லென்ஸைச் சேர்த்தால் காட்சி 9 மீட்டராகச் சுருங்கிவிடும்; குழாய் வழியே வயலைப் பார்ப்பது போலிருக்கும். லென்ஸைப் பெரிதாக்குவதில் எடையும் விலையும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது என்பதால் இவ்வகை லென்ஸ்களைப் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். (வண்டியின் முன்கண்ணாடி வழியே தெர்மலில் ஒன்றும் தெரியவில்லை என்று கருவியைத் திருப்பி அனுப்ப எண்ணுபவர்கள், முதலில் கண்ணாடியை இறக்கிப் பார்க்கவும்.)

கேள்வி: டிஜிட்டல் ஜூமை எட்டு மடங்கு வைத்தால் 300 மீட்டரில் நிற்கும் விலங்கு பெரிதாகத் தெரிகிறது. அதை நம்பிச் சுடலாமா?
— வாசகர், சான் அன்டோனியோ

பதில்: கூடாது. டிஜிட்டல் ஜூம் புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை. இருக்கிற பிக்சல்களை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. 70 செ.மீ. உயரமுள்ள பன்றி 300 மீட்டரில், 35 மி.மீ. லென்ஸின் வழியே, ஏழு பிக்சல் உயரமே இருக்கும். அது நாலுகால் விலங்கு என்று சொல்ல அது போதும். இன்ன விலங்கு என்று உறுதியாகச் சொல்லப் போதாது. உறுதிக்குப் பன்னிரண்டு பிக்சலாவது வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். அந்தக் கணக்கில் உங்கள் எல்லை 170 மீட்டர். 50 மி.மீ. லென்ஸில் அது 240 மீட்டருக்கு நீளும்.

நீங்கள் இருக்கும் பகுதிக்கு இது வெறும் கணக்கன்று. தெற்கு டெக்சஸில் ஹாவலீனா எனப்படும் பெக்காரி கூட்டமாகத் திரிகிறது. பன்றியைப் போன்ற தோற்றமுடைய இது டெக்சஸ் சட்டத்தில் வேட்டை விலங்காகப் பாதுகாக்கப்படுவது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்தபின் அதைச் சுடுவது குற்றம். காட்டுப்பன்றிக்கு அந்த நேரக் கட்டுப்பாடு தனியார் நிலத்தில் இல்லை. 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளரின் இசைவு இருந்தால் உரிமம்கூடத் தேவையில்லை. ஆகவே ஸ்கோப்பில் தெரியும் இரண்டு வெள்ளை உருவங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சட்டத்தின் வேறுபாடும் ஆகிறது. இளம்பன்றியும் ஹாவலீனாவும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றே. வாலைப் பாருங்கள்: பன்றிக்கு நீண்டு தொங்கும் வால் உண்டு, ஹாவலீனாவின் வால் கண்ணுக்கே தென்படாது. அந்த வால் தெரியும் தூரம்தான் உங்கள் துப்பாக்கியின் தூரம்.

இன்னொன்று. வயலைத் துழாவுவதற்கு ரைபிளில் பூட்டிய ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். கன்றுக்குட்டியையும் பண்ணை நாயையும் வேலியோரம் நடந்துவரும் நண்பரையும் குழல் முனையால் பார்க்கிறீர்கள் என்று பொருள். கையில் பிடிக்கும் சிறிய தெர்மல் மோனோகுலர் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) ஒன்று அதற்குத் தனியே வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் ஸ்கோப்பின் தரத்தில் ஒரு படி இறங்கியாவது மோனோகுலரை வாங்கவே பரிந்துரைப்பேன். லேசர் தூரமானி சேர்ந்த ஸ்கோப்புக்கும் இதே முன்னுரிமை உண்டு. தெர்மல் படத்தில் ஆழம் தெரியாது, அருகிலுள்ள சிறு பன்றியும் தொலைவிலுள்ள பெரும்பன்றியும் ஒன்றுபோலவே தோன்றும்.

கேள்வி: கடையில் தெளிவாகத் தெரிந்த ஸ்கோப், வளைகுடாக் கரையோரம் மழை விட்ட இரவில் எல்லாவற்றையும் சாம்பல் கூழாகக் காட்டியது. கருவியில் பழுதா?
— வாசகர், விக்டோரியா, டெக்சஸ்

பதில்: பெரும்பாலும் பழுதன்று. தெர்மல் கருவி ஒளியைப் பார்ப்பதில்லை. பொருள்களுக்கு இடையேயான வெப்ப வேறுபாட்டைப் பார்க்கிறது. மழை நனைத்தபின் புல், மரம், மண் யாவும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகின்றன. மூடுபனியின் நீர்த்திவலைகளோ கதிரையே விழுங்கிவிடுகின்றன. இங்கேதான் விவரத்தாளில் மில்லிகெல்வினில் (ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தரப்படும் உணர்திறன் எண், அதாவது கருவி பிரித்தறியும் மிகச் சிறிய வெப்ப வேறுபாடு, பேசத் தொடங்குகிறது. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது: 25-க்குக் கீழே உள்ள கருவிக்கும் 50 உள்ள கருவிக்கும் வறண்ட குளிர்காலத்தில் பெரிய வேறுபாடு தெரியாது, உங்கள் கரையோரத்தில் ஜூலை மாத இரவில் தெரியும். உங்கள் பகுதியில் வேட்டையாடுபவர் சென்சாரின் அளவைவிட இந்த எண்ணுக்கே முதலில் பணம் தர வேண்டும். திருப்பி அனுப்புமுன் முன்லென்ஸைத் துடைத்து, ஃபோகஸைச் சரிசெய்து, ஷட்டர் அளவீட்டை (ஷட்டரை ஒரு நொடி மூடிப் பிக்சல்களைச் சமன்செய்வதை) ஒருமுறை கையால் இயக்கிப் பாருங்கள்.

கேள்வி: டெக்சஸில் உள்ள என் அண்ணன் ஊருக்கு வரும்போது இத்தகைய ஸ்கோப் ஒன்றைக் கொண்டுவர முடியுமா? எங்கள் தோட்டத்தில் பன்றிகள் வாழையைச் சாய்க்கின்றன.
— வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். துப்பாக்கியில் பூட்டும் தெர்மல் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. உரிமமின்றிப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தால் உங்கள் அண்ணன் கடுங்குற்றத்துக்கு ஆளாவார். இங்கே வந்து சேர்ந்தாலும் பயனில்லை. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. 2025-இல் தமிழக அரசு அளித்த அனுமதியும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கேயன்றி, தோட்டக்காரர் சுடுவதற்கன்று. வனச்சரக அலுவலகத்தில் சேதத்தைப் புகைப்படத்தோடு எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். சூரிய மின்வேலி போடுவதானால் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொண்டு போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சும் எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.