மோட்டார் ஏன் சுற்றவில்லை? பிள்ளைகளோடு சூரிய மின்சாரம்: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளை வெயிலுக்கு அழைத்துப் போய், சின்னச் சோதனைகள் மூலம் சூரிய மின்சாரம் சொல்லிக்கொடுப்பது என் பல வருட வேலை. கேளுங்கள். முன்கூட்டியே ஒன்று: பூதக்கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

கேள்வி: சூரிய பேனலை மீட்டரில் அளந்தால் 2 வோல்ட் காட்டுகிறது. ஆனால் பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார் அசையவே இல்லை. பேனல் போய்விட்டதா?

பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டர் காட்டியது எதையும் இணைக்காதபோது உள்ள வோல்ட். மோட்டாரை இணைத்தபடியே மறுபடி அளந்து பாருங்கள், அந்த 2 சரிந்து கிடக்கும்.

பேனல் என்பது பல செல்கள் சேர்ந்தது. ஒரு சிலிக்கான் செல் நகத்தளவு இருந்தாலும் உள்ளங்கை அளவு இருந்தாலும் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பரப்பு கூடினால் கூடுவது ஆம்பியர், அதாவது மின்னோட்டம். பொம்மைக் கார் மோட்டாரோ, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் ஆம்பியரை அள்ளிக் கேட்கும். தண்டை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். சில சமயம் அந்தத் தள்ளலே போதும், பிறகு தானாக ஓடும். அதற்கும் மசியவில்லை என்றால் அதே மாதிரி இன்னொரு பேனலைப் பக்க இணைப்பில் (கூட்டல் முனையோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல்) சேருங்கள், அல்லது சூரிய மின்சாரத்துக்கென்றே வரும் மோட்டாரை வாங்குங்கள். அது கொஞ்ச மின்னோட்டத்திலேயே கிளம்பும்.

நான் வகுப்பில் சுற்றாத மோட்டாரைத்தான் முதலில் காட்டுவேன். சுற்றுகிற மோட்டாரைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளைகள், சுற்றாததைப் பார்த்தால் கேள்வி கேட்கிறார்கள்.

கேள்வி: வகுப்பறை டியூப்லைட்டிலேயே செய்துவிடலாமா?

வேண்டாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வகுப்பறையில் 500 இருந்தாலே நல்ல வெளிச்சம். நம் கண் சமாளித்துக்கொள்ளும், பேனல் சமாளிக்காது. வெளியே வாருங்கள்.

கேள்வி: பேனலே இல்லை. வேறு வழி?

எல்இடி இருக்கிறதா? நிறமில்லாத மேல்மூடி கொண்ட சிவப்பு எல்இடி ஒன்றை எடுத்து, இரண்டு கால்களிலும் மீட்டரைத் தொட்டு, தலையை வெயிலுக்குக் காட்டுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். கையால் மறைத்தால் இறங்கும். வெளிச்சம் தரும் பொருளே வெளிச்சத்தை வாங்கி மின்சாரம் தருகிறது! அதை வைத்து எதையும் ஓட்ட முடியாது, மின்னோட்டம் அத்தனை சொற்பம். ஆனால் இதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு இதெல்லாம் புரியுமா?

ஒளியால் மின்சாரம் பிறப்பதை பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரல் கண்டது 1839இல், அவருடைய 19 வயதில். ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னது 1905இல். இடையில் இருந்தவர்கள் முழுக்கப் புரியாமல்தான் பார்த்தார்கள். உங்கள் வகுப்பும் பார்க்கட்டும்.

கேள்வி: மோட்டார் சுற்றவில்லை சார். என்ன செய்ய?

முதல் பதில்.

கேள்வி: வெயில் கொளுத்தினால்தானே மின்சாரம் கூடும்? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மாற்றிச் சொல்லிவிடுங்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி.

அவரே மறுபடி: ஏற்க முடியவில்லை. சூடான பேனலையும் குளிர்ந்த பேனலையும் அளந்தோம், வித்தியாசமே இல்லை.

எதை அளந்தீர்கள்? வோல்ட்டா, ஆம்பியரா?

அவரே: ஆம்பியர்.

அங்கேதான் சிக்கல். சூட்டால் ஆம்பியர் பெரிதாக மாறாது, விழுவது வோல்ட். ஒரு டிகிரி ஏறினால் செல் ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இணைத்த நான்கு செல் உள்ள பேனல் 25 டிகிரி சூடேறினால் 0.2 வோல்ட் போச்சு. நிழலில் இருந்த பேனலை எடுத்து, மீட்டரை மாட்டி, வெயிலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 2.31, 2.30, 2.28 என்று எண் கண் முன்னாலேயே இறங்கும். ஒரு பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சூரிய வாட்டர் ஹீட்டர் சூட்டில்தானே வேலை செய்கிறது?

ஆமாம், அது வெப்பத்தைப் பிடிக்கிற கருவி. அதில் மின்சாரம் பிறப்பதில்லை. கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா இரண்டிலும் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைக்கும் சோதனையும் அந்த வகைதான். வெப்பச் சோதனை, மின்சாரச் சோதனை இரண்டையும் ஒரே நாளில் நடத்தினால் பிள்ளைகள் குழம்புவார்கள். பெரியவர்களே குழம்புகிறோமே.

முதலில் மறுத்தவர்: சரி, கோடையில் ஏன் அதிகம் வருகிறது?

பகல் நீளம், சூரியனும் உயரத்தில். சூட்டையும் மீறித்தான் அது வருகிறது. இன்றைக்கு வோல்ட்டை அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

கேள்வி: பேனல் மேல் லென்ஸ் வைத்து வெளிச்சத்தைக் குவித்தால்?

பேனல் வேகும், விரல் வேகும், கண் போகும். வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு செல்லை விரலால் மூடினால் மொத்தமும் படுத்துவிடுகிறதே?

மணல் சட்டியைக் கைமாற்றும் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? தொடர் இணைப்பு அதுதான். அருமையான சோதனை, கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: என் வீட்டுக் கூரைக்கு எத்தனை பேனல் வேண்டும்?

என் துறை இல்லை. அதைப் பொருத்துகிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மோட்டார் சுற்றவில்லை...

முதல் ப—

...காலை 9 மணிக்குச் சுற்றியது. மதியம் 1 மணிக்கு நின்றுவிட்டது.

அட, இது வேறு! பேனலைக் காலையில் சூரியனுக்கு நேராகச் சாய்த்து ஒட்டிவிட்டீர்களா? சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 டிகிரி. அந்தச் சாய்வில், நேராகத் திருப்பினால் கிடைக்கும் வெயிலில் பாதிதான் பேனலில் விழும். போதாததற்கு மதியச் சூடு வேறு. ஒட்டியதைப் பிரித்தெடுங்கள். பேனலின் மேல் ஒரு பென்சிலை நட்டமாக நிறுத்தி, அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியிலேயே மறையும் வரை பேனலைத் திருப்பச் சொல்லுங்கள். நிழல் மறைந்தால் பேனல் நேராக இருக்கிறது. சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதும் இல்லை.