அக்கா சாப்பிடும் அந்த மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 44. ஒரு வருடமாகக் காலையில் விரல்கள் விறைத்துக்கொள்கின்றன. மடக்கி நீட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. மார்கழிக் குளிரில் பாத்திரம் தேய்த்தால் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலமாகிறது. ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர். 48. உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனை பாசிட்டிவ். மூன்று டாக்டர்கள் பார்த்தும் என்ன நோய் என்று சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். என் அக்கா மட்டும் காய்ச்சலே இல்லாமல் வருஷக்கணக்கில் மலேரியா மாத்திரை சாப்பிடுகிறாளாம். சித்தி மகள் சொல்லிச் சிரித்தாள். அப்பா வீட்டைப் பிரித்ததிலிருந்து ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. பயத்தில் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?
வாசகி, செங்கல்பட்டு

பதில்: கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கண் அந்த மலேரியா மாத்திரையில்தான் போய் நின்றது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று ஒரு மாத்திரை உண்டு. மலேரியாவுக்கு வந்ததுதான். ஆனால் லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு அதையே வருடக்கணக்கில் தினமும் கொடுக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள் அவை. லூபஸ் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவதும் உண்டு. உங்கள் அக்கா சாப்பிடுவது அதுதானா, எதற்காக என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவை மட்டும் வைத்துப் பொறுப்பான டாக்டர் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார். குறைந்த அளவில் அது ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். அதனால்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பொய் சொல்லிவிட்டு, மூன்று பேரும் கண்டுபிடிக்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஆமாம், பொய்தான். பாகப் பிரிவினைக்குப் பிறகு அக்கா உங்கள் வீட்டு ஆள் இல்லாமல் போய்விட்டாளா?

எனக்குக் கோபம் இன்னொன்றில். கூடப் பிறந்தவள் தினமும் மாத்திரை விழுங்குகிறாள் என்று தெரிந்தும், என்ன உடம்புக்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தி மகள் சிரித்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களா? வீட்டு விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும். கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

சரி, டாக்டர் விஷயம். அடுத்துப் போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட் என்னும் வாதநோய் நிபுணரிடம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். விரல் வெளுக்கும்போது செல்போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் அது வெளுக்காது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். லூபஸ் என்றால் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்க வேண்டாம். "அக்கா, என் விரலெல்லாம் வெளுத்துப் போகுது, உனக்கும் இப்படித்தான் ஆச்சா?" என்று கேளுங்கள். அவள் வீட்டுப் பேச்சை எடுத்தால் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.