நேர்மைக்குக் கூலி இங்கேயா, மறுமையிலா?

கேள்வி: சேலத்தில் சேகோ ஃபேக்டரி நடத்துகிறேன். ஜவ்வரிசியை வெளுக்கக் கெமிக்கல் போடுவதில்லை, மக்காச்சோள மாவு கலப்பதும் இல்லை. இரண்டையும் செய்யும் பக்கத்து ஃபேக்டரிக்காரரின் சரக்கு பளிச்சென்று இருப்பதால் நல்ல விலைக்குப் போகிறது. நல்லவனுக்குப் பலன் மறுமையில்தான் என்கிறார், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ நண்பர். தர்மம் தலைகாக்கும், இங்கேயே கிடைக்கும் என்பார் அப்பா. தொழிலுக்கு வரப்போகும் மகனிடம் எதைச் சொல்வது?

பதில்: முதலில் நண்பர் விஷயம். அவருடைய வேதமே மறுமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வீட்டையும் நிலத்தையும் தமக்காக விட்டவனுக்கு இம்மையிலேயே நூறு மடங்கு உண்டு என்கிறார் இயேசு, மாற்கு 10-ஆம் அதிகாரத்தில். ஆனால் துன்பங்களும் கூடவே வரும் என்கிறார். நித்திய ஜீவன் அதற்கப்புறம். துன்பம் வரும் இடத்தைப் பிரசங்கத்தில் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்!

பொறாமைக்காரன் செழிப்பதும் செம்மையானவன் கெடுவதும் யோசிக்க வேண்டியவை என்று 169-ஆம் குறளில் சொல்லும் வள்ளுவர், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார். பழவினை என்று உரை எழுதியவர் பரிமேலழகர். சைவ சித்தாந்தத்தில் இன்று அனுபவிப்பது பிராரத்தம், அதாவது முன்பு செய்த வினையின் பலன். இன்று செய்வது ஆகாமியம், அதன் பலன் பிறகுதான் வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் நஷ்டம் உங்கள் நேர்மைக்கு வந்த பலன் அல்ல, அவருடைய லாபமும் கலப்படத்துக்குக் கிடைத்த பரிசு அல்ல. ஆனால் அடுத்தவர் கஷ்டத்துக்கு இந்த விளக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள், கல்நெஞ்சாகிவிடும்.

மகனுக்கு நான் எடுத்துக்கொடுப்பது புறநானூறு 134. "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆய் அல்லன்" என்று சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடுகிறார் புலவர் முடமோசியார். இங்கே கொடுத்து அங்கே வாங்கும் வியாபாரம் அவனிடம் இல்லை. சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான், அவ்வளவுதான். மேலுலகமே இல்லை என்றாலும் கொடுப்பது நல்லது என்கிறது 222-ஆம் குறள்.

அதனால் 'நேர்மையாக இரு, லாபம் தானாக வரும்' என்று பையனிடம் சொல்லாதீர்கள். விலை விழும் முதல் சீசனிலேயே கெமிக்கல் கேன் வாங்கிவிடுவான். நம் ஜவ்வரிசி குழந்தைக்குக் கஞ்சியாகவும், மகாராஷ்டிராவில் விரதம் இருப்பவர்களுக்குக் கிச்சடியாகவும் போகிறது, அதனால் போடுவதில்லை என்று சொல்லுங்கள்.

நல்லவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. பக்கத்து ஃபேக்டரியில் கலப்படம் நடப்பது உறுதியாகத் தெரிந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள், அது பொறாமை ஆகாது. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவது அவர்கள் வேலை.