வைஃபை தகராறு: ரவுட்டரை மாற்றும் முன் பழுது எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கின்றன, ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது. ரவுட்டரை ஆஃப் செய்து போட்டால் வருகிறது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி போய்விடுகிறது. கடையில் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போது வேண்டாம். உங்கள் லேப்டாப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில். இன்னொன்று, ரவுட்டரிலிருந்து வெளியே ஃபைபரில். அந்தக் கோடுகள் முதல் வழியைப் பற்றி மட்டுமே சொல்கின்றன. ரவுட்டரை ஆஃப் செய்து போடும்போது இரண்டு வழிகளும் புதிதாகத் தொடங்குவதால், எதில் பழுது இருந்தது என்ற தடயமும் அழிந்துபோகிறது. அடுத்த முறை தொடர்பு போனதும் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். போனில் வந்தால் பழுது லேப்டாப்பில்தான். இரண்டிலும் வராவிட்டால் மோடத்தின், அதாவது ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியின், விளக்குகளைப் பாருங்கள். ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். எங்கோ வயர் அறுந்திருக்கலாம், அல்லது பீரோவுக்குப் பின்னால் மடங்கியிருக்கலாம். மஞ்சள் ஃபைபர் வயரை மின்வயர் போல மடித்துக் கட்டினால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே ஒளி கசிந்துவிடும். இதற்குப் புதிய ரவுட்டர் எதுவும் செய்யாது. நிறுவனத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு எரியவில்லை, ஆனாலும் விட்டு விட்டுப் போகிறது என்றால் ‘பிங்’ பார்க்க வேண்டும், அதாவது ஒரு எண்ணுக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) அடியுங்கள். ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் வரும் எண்தான் உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஒரு ஜன்னலில் அந்த எண்ணுக்கும், இன்னொரு ஜன்னலில் 8.8.8.8 என்ற வெளி எண்ணுக்கும் பிங் ஓடவிடுங்கள். கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு மைனஸ் குறியும் ‘t’ எழுத்தும் சேர்த்தால் (ping 8.8.8.8 -t) நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். தொடர்பு போகும் அந்த நிமிடத்தில் ரவுட்டர் பக்கம் 2, 3 மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டிருக்க, 8.8.8.8 பக்கம் ‘ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது, பழுது மோடத்திலோ லைனிலோ. இரண்டுமே நின்றால் காற்றுவழியிலோ ரவுட்டரிலோ கோளாறு. இரண்டிலும் பதில் வருகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) பிரச்சினை, வைஃபை அமைப்பில் டி.என்.எஸ். எண்ணை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

‘ஐபிகான்ஃபிக்’ காட்டும் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப்பே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள்.

போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் போகிறது என்றால் டிவைஸ் மேனேஜர், அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் வைஃபை கார்டின் பெயரை இருமுறை சொடுக்குங்கள். ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. அவற்றில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்கிப் போடுவதே வழி. ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிரைவர் இலவசம்.

கேள்வி: 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். லேப்டாப்பில் 40-க்கு மேல் வருவதில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா?

அப்படி முடிவு கட்டும் முன் ஒரு எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் & இன்டர்நெட், வைஃபை, ப்ராபர்ட்டீஸ் என்று போனால் ‘லிங்க் ஸ்பீடு’ (ரவுட்டரோடு லேப்டாப் பேசும் வேகம்) என்றும் ‘நெட்வொர்க் பேண்ட்’ (அலைவரிசை) என்றும் இருக்கும். பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், லிங்க் 72 என்று இருந்தால் 40 வருவதே நியாயமான வேகம். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொரு தடவையும் ஒப்புகை வாங்க வேண்டும். அதனால் காட்டும் எண்ணில் சுமார் பாதிதான் கைக்குக் கிடைக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்று காட்டினால் 200 தாராளமாக வரும். 867 என்றால் லேப்டாப்பில் இரண்டு ஆன்டெனா வேலை செய்கிறது.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தும் லேப்டாப் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறதா? பழைய, விலை மலிந்த லேப்டாப்களில் 2.4 மட்டும் உள்ள கார்டு வைத்தே விற்றிருக்கிறார்கள். அதற்கு எந்த ரவுட்டர் வாங்கினாலும் பயன் இல்லை, மாற்ற வேண்டியது கார்டை.

இன்னொரு கண்ணியும் உண்டு. எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 94, 95-லேயே நிற்கிறது என்றால் எங்கோ 100 எம்.பி.பி.எஸ். வயர்த் தொடர்பு குறுக்கே நிற்கிறது. மோடத்திலிருந்து தனி ரவுட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றி நுனியைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். 100-க்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி பிளக்குக்குள் சரியாக உட்காராவிட்டால் கேபிள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிள் சரியாக இருந்தால் ரவுட்டரின் துளையே 100-தான். அட்டைப்பெட்டியில் ‘ஏ.சி.1200’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு லேப்டாப்புக்கு அந்த 1200 ஒருநாளும் வராது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போர்ட் விவரம் இருக்கும். ‘10/100’ அல்லது ‘ஃபாஸ்ட் ஈதர்நெட்’ என்று இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். பெயரில்தான் ஃபாஸ்ட். ‘கிகாபிட்’ என்றோ ‘10/100/1000’ என்றோ இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

டவுன்லோடு ஜன்னலில் 25 என்று பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களும் உண்டு. அது மெகாபைட். எட்டால் பெருக்குங்கள், 200 வந்துவிட்டது.

கேள்வி: டெஸ்க்டாப்புக்கு நகம் அளவு வைஃபை டாங்கிள் வாங்கி சி.பி.யு.வின் பின்னால் சொருகினேன். அடிக்கடி கட் ஆகிறது. உள்ளே போடும் கார்டு வாங்கட்டுமா?

டாங்கிளை முதலில் இடம் மாற்றுங்கள். தகரப் பெட்டிக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அது ஒளிந்திருக்கிறது. நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் சொருகியிருந்தால் அதுவும் கெடுதல்; அந்தத் துளையில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழும். பக்கத்தில் ஹார்டு டிஸ்க் சொருகியதும் வைஃபை படுத்துக்கொள்வது இதனால்தான். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்புத் துளையில் போட்டு, டாங்கிளை மேஜைமேல் கொண்டுவாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் இரண்டு பேண்டும் உள்ள, வெளி ஆன்டெனா உள்ள, மதர்போர்டில் சொருகும் பி.சி.ஐ.இ. கார்டு வாங்கலாம். ஆன்டெனா வயரோடு வந்து காந்த அடியில் நிற்கிற வகை நல்லது, மேஜைமேல் வைக்கலாம். கார்டில் ப்ளூடூத்தும் இருந்தால் கூடவே ஒரு சிறு வயர் வரும். அதை மதர்போர்டில் ஒன்பது ஊசி உள்ள யு.எஸ்.பி. இணைப்பில் சொருக வேண்டும். சொருகாமல் விட்டால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. கார்டு பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடவேண்டாம்.

ரவுட்டரும் டெஸ்க்டாப்பும் ஒரே அறையிலா? இதெல்லாம் எதற்கு? ஐந்து மீட்டர் கேட்-6 கேபிள் ஒன்று போதும். அசையாத கம்ப்யூட்டருக்கு வயரைவிட நல்லது எதுவும் இல்லை.

கேள்வி: லேப்டாப்பின் உள் வைஃபை கார்டை நானே மாற்ற முடியுமா? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

அடிமூடியைக் கழற்றத் தெரிந்தால் முடியும். ஆனால் மூன்று இடங்களில் காசு வீணாகும். முதலாவது, கார்டு மதர்போர்டோடு ஒட்டியே வந்திருந்தால் மாற்ற முடியாது. மெலிந்த லேப்டாப்களில் இது சகஜம். இரண்டாவது, இன்டெல் கார்டுகளில் ஏ.எக்ஸ்.210 என்பதும் ஏ.எக்ஸ்.211 என்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 210 தனித்து இயங்கும், ஏ.எம்.டி. லேப்டாப்பிலும் வேலை செய்யும். 201, 211 போன்றவை வேலையின் ஒரு பகுதியை ப்ராசசரின் பக்கம் விட்டுவிடுபவை. அதற்கேற்ற இன்டெல் லேப்டாப்பைத் தவிர வேறெதிலும் உயிர் வராது. மூன்றாவது, சில நிறுவனங்களின் பழைய லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். ஆகவே மாடல் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். கார்டில் இரண்டு மெல்லிய வயர்கள், கறுப்பு ஒன்று, வெள்ளை அல்லது சாம்பல் ஒன்று, சட்டைப் பொத்தான் போல அழுத்திப் பொருத்தியிருக்கும். நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள். திரும்பப் போடும்போது தலை சரியாக மையத்தில் உட்கார்ந்தபின் விரல்நுனியால் அழுத்தினால் ‘டிக்’ என்று உணர்வீர்கள். உணராமல் அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். வேலை முடிந்ததும் ரவுட்டர் பக்கத்திலேயே இரண்டு கோடுதான் காட்டுகிறது என்றால் வயர் உட்காரவில்லை.

கேள்வி: மாடியில் வைஃபை எட்டவில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?

கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது. வாங்குவதற்கு முன், ரவுட்டர் டி.வி.க்குப் பின்னாலோ பீரோ மேலோ இருந்தால் மாடிப்படிப் பக்கம் உயரத்தில் நகர்த்திப் பாருங்கள்.

மலிவான ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்கிறது. வேகம் பாதியாகும். வாங்கினாலும் வைஃபை வராத அறையில் வைக்காதீர்கள். அதற்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் எங்கள் சிபாரிசு அதுதான். மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுங்கள். ‘சி.சி.ஏ.’ என்று எழுதியிருப்பது செம்பு பூசிய அலுமினியம், எளிதில் ஒடியும்; முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள். பழைய ரவுட்டரைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, பிரௌசரில் அதன் எண்ணை அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்தில் முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கீழ் ரவுட்டருக்கு ஒத்தபடி வையுங்கள். 2.4-இல் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11. பிறகு அதன் லேன் முகவரியை, கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.2 ஆக்குங்கள். கடைசியாக, அந்தப் புதிய முகவரியில் மறுபடி நுழைந்து டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணையுங்கள். இதை முதலிலேயே அணைத்தால் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்கே திரும்ப நுழைய முடியாது. கீழிருந்து வரும் கேபிளை ‘வான்’ (WAN) துளையில் அல்ல, ‘லேன்’ (LAN) துளை ஒன்றில் சொருகுங்கள். கேபிள் வெளிச்சுவரில் போகிறதென்றால் இடி மின்னல் தொடங்கும் முன்பே இரு முனையையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸை மறுபடி போட்டதும் வைஃபை சின்னமே இல்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!

ஆண்ட்ராய்டு போனை சார்ஜிங் கேபிளால் லேப்டாப்பில் சொருகி, ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ போடுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலும் அதுவே டிரைவரைப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: கரண்ட் போனால் ரவுட்டர் அணைகிறது. மினி யு.பி.எஸ். எப்படிப் பார்த்து வாங்குவது?

அடாப்டரின் அடிப்பக்கத்தில் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் வேலைப் பளு ஏறும்போதெல்லாம் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பின் அளவும், நடு முனை பிளஸ்தானா என்ற குறியும் பொருந்த வேண்டும். மோடமும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் யு.பி.எஸ். தேவை, ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயன் இல்லை.

கேள்வி: வாங்கிய டாங்கிள் நான்கே நாளில் செத்துவிட்டது. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லில் இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.

பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் விடுவதும் அப்படியே. ஆனால் பொருள் நன்றாக இருந்து, உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தவில்லை என்பது இதில் வராது. டாங்கிளை இன்னொரு கம்ப்யூட்டரிலும் சொருகி, அங்கும் டிவைஸ் மேனேஜரில் வரவில்லை என்பதை வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.