மாலத்தீவில் ரிசார்ட் இல்லாமல், ஊர்மக்கள் வாழும் தீவிலேயே தங்க முடியுமா?

தாராளமாக முடியும். 2009 வரை சுற்றுலாப் பயணிகளுக்கு ரிசார்ட் தீவுகள்தான். அதன்பிறகு ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அரசு அனுமதித்தது. முதல் தடவை போகிறவர்களுக்கு மாஃபுஷி என்ற ஊர்த் தீவு சரியாக இருக்கும். தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம், ஸ்பீட் போட்டில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வெள்ளிக்கிழமை அரசுப் படகு கிடையாது. டிக்கெட் போடும் முன்பே இதைக் கவனியுங்கள்.

விசா இலவசம், விமான நிலையத்திலேயே தருவார்கள். ஆனால் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' (IMUGA) இணையதளத்தில் பயண விவரம் பதிய வேண்டும்.

இது முஸ்லிம் ஊர். மது கிடையாது, டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் கொடுப்பார்கள். நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய 'பிகினி பீச்'சில் மட்டும். தெருவில் தோளும் தொடையும் மூடிய உடை போதும்.

காலையில் மஸ் ஹுனி கேளுங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் கையால் பிசைந்து, சப்பாத்தி போன்ற ரொஷியோடு தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சைவர்கள் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம்.