'இன்செப்ஷன்' படத்தில் சாகக் கிடக்கும் அந்த அப்பா யார்?

நண்பரே, படுக்கையில் கிடக்கும் அந்தக் கிழவரின் முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, பெயர் தெரியவில்லை, அவர் படங்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் பீட் போஸ்ல்த்வெய்ட். இங்கிலாந்தின் வாரிங்டனில் 1946-ல் பிறந்தவர், லிவர்பூல் எவ்ரிமேன் நாடக மேடையில் வளர்ந்தவர்.

நீங்கள் முன்பே பார்த்தது அநேகமாக 1997-ல் வந்த இரண்டாவது ஜுராசிக் பார்க்காக இருக்கும், அதில் டைனோசரை வேட்டையாட வரும் மொட்டைத்தலைக்காரர் இவர்தான்.

தொடங்குவதென்றால் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' (1993) பாருங்கள். செய்யாத குற்றத்துக்காக மகனோடு சிறையில் அடைபடும் அப்பா. மகனாக வரும் டேனியல் டே லூயிஸுக்கும் இவருக்கும் நிஜத்தில் 11 வயதுதான் வித்தியாசம், ஆனால் அந்தத் தளர்ந்த தோளையும் மெல்லிய குரலையும் பார்த்தால் அது நினைவுக்கே வராது. இதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

அப்புறம் 'பிராஸ்ட் ஆஃப்' (1996): நிலக்கரிச் சுரங்கம் மூடப்படுகிற ஊரில் பேண்டு வாத்தியக் குழுவை நடத்துபவர், கடைசியில் லண்டன் ஆல்பர்ட் ஹால் அரங்கில் போட்டிக் கோப்பைக்கு முன்னால் நின்று பேசுவார் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் 'ஷார்ப்' என்ற போர்த் தொடரில் இவர் நடித்த ஹேக்ஸ்வில்லை விடாதீர்கள், அப்படியொரு கேடுகெட்ட சார்ஜென்ட்!

இன்செப்ஷன் வந்தது 2010-ல். 2011 ஜனவரியில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.